பழைய வேடமும் புதிய ஆட்டமும்

கணினி விளையாட்டைப் பற்றி ஒரு கல்லூரியின் விழா மலரில் எழுதுவது தகுமோ என ஐயுறுவோர் நம்முட் சிலர் இருத்தல் கூடும். பிள்ளைகளின் பொழுதைக் கெடுப்பதென்று பெற்றோர் கடியும் ஒன்றை நாம் ஆராய்வானேன் என அவர் வினவலாம். ஆயின், பழைய பாத்திரமொன்றைப் புதிய காலத்துக்கேற்பப் புதுக்குவது எவ்வாறு என்னும் வினா விளையாட்டு ஆக்குவோர்க்கு மட்டும் உரியதன்று. மாசி மாதம் வந்ததும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிற் காமன் கம்பம் நட்டு, இரதிக்கும் மதனுக்கும் வேடங் கட்டும் நம்மவர்க்கும் அதுவே முன்னிற்கும் வினாவாகும். விளையாட்டு ஆக்குவோர் கண்ட விடைகளை முதலில் விளக்கிப் பின்னர் நம் கூத்துக்கு வருவோம்.

யப்பானிய நின்டெண்டோ கொம்பனி 1981 இல் வெளியிட்ட 'டொங்கி கொங்' விளையாட்டில் ஒரு சிறு மனிதன் தோன்றினான். பிற்காலத்தில் மரியோ எனப் பெயர் பெற்று உலகறிந்தவன் அவனே. அவனை வரைந்த சிகெரு மியமோட்டோவுக்கு அன்றைய இயந்திரம் கொடுத்தவை சில புள்ளிகளே. அவற்றாற் தலைமயிரை வரைய இயலவில்லை. ஆகவே தொப்பி அணிவித்தார். வாயை வரைய இடமில்லை. ஆகவே மீசை வைத்தார். கை அசைவது உடலினின்றும் பிரிந்து தெரியவேண்டித் தோள்வாருடைய காற்சட்டை உடுத்தார். இயலாமையிற் பிறந்த கோலம் அது. நம் கூத்தில், தீவட்டி ஒளியில் தொலைவிலிருப்பார்க்கும் முகந் தெரியுமாறு அரிதாரத்தைத் தடித்துப் பூசியதும் இத்தகையதே. 1996 இல் முப்பரிமாணத்தில் மரியோவை ஆக்கியபோது மயிரும் வாயும் வரைவதற்கு அத்தனை இடர் இருக்கவில்லை. எனினும் தொப்பியும் மீசையும் போகவில்லை. காரணம் ஒழிந்த பின்னும் அடையாளம் நின்றுவிட்டது.

நிற்க. புதுக்குதலில் இரு வகை உண்டு. தேயிலை மலையில் வாழும் நமக்கு அவ்விரண்டையும் விளக்கப் புறத்தே உவமை தேட வேண்டுவதில்லை. சில ஆண்டுகளுக்கொருமுறை செடியைக் கவ்வாத்து வெட்டுகிறோம். வேரும் அடிமரமும் அப்படியே இருக்க, புதுத்தளிர் மேலே வருகிறது. மற்றொன்று, பழைய விதைச்செடியை வேரோடு பிடுங்கி, நிலத்திற் புல்லை வளர்த்து ஆறப்போட்டு, வீ.பி. கன்று எனத் தோட்டத்தார் கூறும் புதுக்கன்றை நடுவது. விளையாட்டு ஆக்குவோரும் சிலபோது பழைய விளையாட்டின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்து மேற்றோலை மட்டும் மாற்றுவர். சிலபோது கதையையும் பெயரையும் மாத்திரம் எடுத்துக்கொண்டு அனைத்தையும் புதிதாகக் கட்டுவர். முன்னதற் செலவு குறைவு. பின்னதில் நிலத்தையும் மாற்ற வேண்டும் என்பதை மறவாதிருத்தல் நன்று.

மேற்றோலை மாற்றும் முறை யாது? கணினியில் ஓர் உருவம் என்பது முக்கோணங்களால் ஒட்டிய பொம்மை. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆளுக்குச் சில நூறு முக்கோணங்களே கிடைத்தன. இன்று பல்லாயிரம் கிடைக்கின்றன. சிற்பி முதலில் மிக நுண்ணிய உருவமொன்றைக் கணினியிற் செதுக்குகிறான். அதன் சுருக்கமும் மடிப்பும் ஒளி படும் விதத்தைப் படமாக எடுத்து, எளிய உருவத்தின்மேற் போர்த்துகிறான். கண் மேடு பள்ளங் காண்கிறது. கணினியின் சுமையோ குறைகிறது. இவையெல்லாம் உழைப்பும் பொருளும் இருந்தால் முடிந்துவிடும். ஆட்டத்தைப் புதுக்குவதே அரிது.

இதற்கு லாரா குரொஃப்ட் என்னும் பாத்திரம் சிறந்த சான்று. இங்கிலாந்தின் டார்பி நகரிலிருந்த கோர் டிசைன் நிறுவனம் 1996 இல் 'டூம் ரெய்டர்' விளையாட்டில் அவளை உலவவிட்டது. அவ்விளையாட்டின் உலகம் முழுவதும் ஒரே அளவான சதுரக் கட்டைகளால் அடுக்கப்பட்டது. அவள் நின்று பாய்ந்தால் ஒரு கட்டையளவு இடைவெளியைத் தாண்டுவாள்; ஓடிப் பாய்ந்தால் இரண்டு; ஓடிப் பாய்ந்து விளிம்பைக் கையாற் பற்றினால் மூன்று. ஓரத்தில் நின்று ஒருமுறை பின்னே துள்ளினால், ஓட்டப் பாய்ச்சலுக்கு வேண்டிய தூரம் பிசகாமற் கிடைக்கும். பழகிய ஆட்டக்காரன் பள்ளத்தைக் கண்ட மாத்திரத்தே அதைக் கட்டையால் எண்ணிவிடுவான். அவளுடைய உடலும் அவள் நடக்கும் நிலமும் ஒரே முழக்கோலால் அளந்தவை.

அந்த நடை இக்காலப் பிள்ளைகளுக்கு விறைப்பாகத் தோன்றுகிறது. அதனை நெகிழ்த்தினால் நிலத்தின் அளவும் குலைந்துவிடும். 2007 இல் முதல் விளையாட்டைப் புதிதாகக் கட்டிய அமெரிக்கக் குழுவினர் இதையறிந்து நிலத்தையும் உடன் மாற்றினர். 2013 இல் அவர்களே கதை, வயது, உருவம் யாவற்றையும் மாற்றி, கப்பலுடைந்து ஒரு தீவில் ஒதுங்கிய இளம்பெண்ணாக அவளை மீளத் தொடங்கினர். 2024 இல் அஸ்பயர் என்னும் நிறுவனம் வேறு வழி சென்றது. முதல் மூன்று விளையாட்டுக்களின் நிலத்தையும் அளவையும் அது தொடவில்லை. உருவங்களையும் சுவர்களையும் ஒளியையும் மட்டும் புதிதாகத் தீட்டியது. ஒரு பொத்தானை அழுத்தினாற் பழைய தோற்றம், மறுமுறை அழுத்தினாற் புதிய தோற்றம். நடையிலும் பழையது, புதியது என இரண்டு வைத்தனர். புதிய நடையிற் சில பழைய பாய்ச்சல்கள் இடறவே, ஆட்டக்காரர் பலர் விறைப்பான பழைய நடைக்கே மீண்டனர். தாத்தாவின் முகத்தையும் பேரனின் முகத்தையும் ஒரு பொத்தானால் மாற்றி மாற்றிக் காட்டும் அந்த ஏற்பாடு எமக்கு மிகவும் பிடித்தது. புதுக்கியவர்கள் தாம் மாற்றியதை மறைக்கவில்லை யன்றோ!

நம் நாட்டுச் சாயல் பூசிய பாத்திரம் ஒன்றும் உண்டு. கப்கொம் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' இரண்டாம் பாகத்தில், 1991 இல், தால்சிம் என்னும் இந்திய யோகி தோன்றினான். மொட்டைத் தலை, கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, இரப்பர்போல் நீளும் கைகால்கள்! யோகத்தை இப்படிக் கண்டவர் எந்த ஆச்சிரமத்துக்குச் சென்றாரோ நாம் அறியோம். 2016 இல் வந்த ஐந்தாம் பாகத்தில் அவனுக்குத் தாடியும் தலைப்பாகையும் வந்தன. ஒரு குருவின் சாயலும் வந்தது. நீளும் கைகால்கள் மட்டும் மாறவில்லை. மாற்றவும் முடியாது: தொலைவில் நின்று எதிரியை அணுகவிடாது தடுப்பதே அவனுடைய ஆட்டம்.

இவ்வகை விளையாட்டில் ஒரு நொடி அறுபது கூறாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு குத்து எழ இத்தனை கூறு, பட இத்தனை கூறு, கை மீள இத்தனை கூறு என்று கணக்குண்டு. தாளத்துக்கு மாத்திரை போன்றது அது. உருவத்தின்மேற் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளும் உண்டு. அடி பட்டதா இல்லையா என்பதைத் தீர்ப்பவை பெட்டிகளே. நாம் காணும் கையன்று. ஆகவே கோலத்தை எவ்வளவு மாற்றினாலும் பெட்டியும் மாத்திரையும் நின்றாற் பழைய ஆட்டம் நிற்கும். 2023 இல் வந்த ஆறாம் பாகத்தில் புதியோர்க்கென எளிய முறையொன்றையும் சேர்த்தனர். விரலைச் சுழற்றிப் பழகவேண்டிய வித்தைகள் அம்முறையில் ஒரு பொத்தானுக்கு வரும். ஆனால் அவ்வழியில் வரும் அடியின் வலு ஐந்திலொரு பங்கு குறையும். பழகியவன் உழைப்புக்கு அது மதிப்பு. புதியவனுக்கோ கதவு திறந்திருக்கிறது.

இனி நம் கூத்துக்கு வருவோம். ஹட்டனிலிருந்து கண்டி செல்லும் புகைவண்டி பேராதனையைக் கடந்தே செல்லும். அங்குள்ள பல்கலைக்கழகத்திலே, கணினி விளையாட்டென்னும் சொல் இந்நாட்டில் வழங்கா முன்னரே, இவ்வினா எழுந்து விடையும் பெற்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவரைக் கொண்டு 1962 இல் 'கர்ணன் போர்' ஆகவும், பின்னர் 'இராவணேசன்' ஆகவும் மேடையேற்றினார். விடியவிடிய ஆடுங் கூத்து நாகரிக மேடைக்கேற்பச் சுருங்கியது. வட்டக்களரியிற் சுற்றிச் சுற்றி ஆடுபவனை நாற்புறமும் மக்கள் காண்பர். படச்சட்ட மேடையில் ஒருபுறமே காண்பர். எனவே ஆட்டத்தின் திசை, கூட்டமாய் நிற்கும் முறை, ஒளி ஆகிய யாவும் மாறவேண்டியிருந்தன. இராவணனும் அவலத் தலைவனாக உள்ளம் பெற்றான். எனினும் ஆட்டமும் தாளக்கட்டும் கைவிடப்படவில்லை. அன்று இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளிற் பேராசிரியராகி, அந்நாடகத்தையே மீண்டும் புதுக்கி மேடையேற்றினார். கவ்வாத்து ஒருமுறையோடு முடிவதில்லை.

காமன் கூத்துக்கு அத்தகைய கை இன்னும் போதிய அளவு கிட்டவில்லை என்பது எம் கருத்து. அதன் களரி, லயங்களுக்கு நடுவே கம்பம் நட்ட திடல். அதை விழா மேடையிற் பத்து நிமிடத்துக்கு அடக்கும்போது முதலில் வெட்டுப்படுவது ஆட்டமே. சரிகையும் கிரீடமும் மேலும் மினுங்குகின்றன. தூதன் வரும் நடை வேறு, வீரபத்திரன் வரும் நடை வேறு. தப்பின் அடியும் அதனுடன் மாறும். உடையைப் படம் பார்த்து எவரும் தைத்துவிடலாம். நடையோ வாத்தியாரின் காலிலும் தப்படிப்பவர் கையிலுமே இருக்கிறது. இளைஞர் கொழும்புக்கு வேலை தேடிப் போய்விட்ட தோட்டத்தில் அதைக் கற்க மாலையில் யார் வருவார்?

விளையாட்டு ஆக்குவோர் ஆடுபவன் உடலிற் குறிகள் ஒட்டி, பல கமராக்களாற் சூழ்ந்து, மூட்டுக்களின் அசைவை எண்ணாகப் பதிவுசெய்கின்றனர். அத்தனை கருவி நமக்கு வேண்டுவதில்லை. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் தோட்டத்துப் பிள்ளைகளும் தோட்டங்களிற் கடமையாற்றுவோரும் பலர். கைத்தொலைபேசி இல்லாதார் இலர். வரும் மாசியில் மதன் எரியும் இரவை மட்டும் எடுத்து வராது, அதற்கு முன் வாத்தியார் பழக்கும் மாலைகளையும் எடுக்க வேண்டும். முகத்தோடு பாதமும் படத்தில் விழவேண்டும். தப்பின் ஒலி கூட்டத்தின் இரைச்சலில் அமிழாதபடி ஒருவர் அதனருகே தனியே நின்று பதிவுசெய்தல் நலம். திடலின் அகலத்தையும், கம்பத்தை ஒருமுறை சுற்ற இரதிக்கு எத்தனை அடி என்பதையும் அளந்து எழுதிக்கொள்ள மறவற்க.