கணக்கைப் படித்துக் காட்டுங்கள்!

உங்கள் ஊரில் குளம் தூர் வாரியிருப்பார்கள். சாலை போட்டிருப்பார்கள். அந்த வேலையின் கணக்கை நீங்கள் எப்போதாவது கண்ணால் பார்த்தது உண்டா?

பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டோம். "அதெல்லாம் நமக்குப் புரியாது" என்று இருந்துவிடுகிறோம். புரியாத அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. யாரும் நமக்குப் படித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம் ஆயிற்று. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் கிடைத்தது. பிறகு பல மாநிலங்கள் அதைப் பாதியாக உயர்த்தின. பீகாரில் 2006 தேர்தலிலேயே பாதி இடம் பெண்களுக்கு. இப்படி லட்சக்கணக்கானவர்கள் முதல் முறையாக ஊராட்சியில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் அல்லவா?

பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் பல இடங்களில் அது எப்படி நடந்தது? ஒரு பெரிய ஹால். மேடையில் ஓர் அதிகாரி. அவர் சட்டப் பிரிவுகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். சாப்பாடு போட்டு, பை கொடுத்து அனுப்புவார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிடும். பெண் உறுப்பினருக்குப் பதிலாகக் கணவரே வந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு. இப்படிப்பட்ட பயிற்சியால் பயன் இல்லை.

அப்படியானால் எப்படிக் கற்பது? ராஜஸ்தான் மக்கள் ஒரு வழியைக் காட்டினார்கள்.

1987ஆம் ஆண்டு அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண் வீட்டில் வந்து தங்கினார்கள். அது மழை குறைந்த வறண்ட பூமி. பஞ்சம் வந்தால் அரசு நடத்தும் மண் வேலைதான் சோறு போடும். அந்த வேலையில் சட்டப்படி உள்ள கூலி கைக்கு வரவில்லை. கேட்டால், "நீங்கள் சரியாக வேலை செய்யவில்லை. அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று பதில். "அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள்" என்றால், "அது அரசு ரகசியம்" என்றார்கள். மண் வெட்டியவருக்கே தான் வெட்டிய மண்ணின் கணக்கு ரகசியமாம்!

1990ஆம் ஆண்டு மே தினத்தில் இவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் பெயர் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன். 1994 டிசம்பர் 2ஆம் தேதி பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தினார்கள்.

அது எப்படி நடந்தது என்பதுதான் நமக்குப் பாடம். முதலில் வேலைக் கணக்குகளின் நகலைக் கையில் வாங்கினார்கள். பிறகு வீடு வீடாகப் போனார்கள். "மஸ்டர் ரோலில் உங்கள் பெயர் இருக்கிறது. இத்தனை நாள் வேலை செய்ததாக எழுதியிருக்கிறது. செய்தீர்களா? எவ்வளவு வாங்கினீர்கள்?" என்று கேட்டார்கள். கடைசியில் ஊர் நடுவே எல்லாரையும் கூட்டி, மைக்கில் பெயர் பெயராகப் படித்தார்கள். இத்தகைய விசாரணைகளில் என்னென்னவோ வெளியே வந்தது. வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி. இறந்து போனவர் பெயரில் கூலி. பதில் சொல்ல அதிகாரிகளையும் அழைத்தார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தன் பெயரும், தான் வாங்கிய பணமும் யாருக்குத்தான் தெரியாது? முகத்தை மூடி முக்காடு போட்ட பெண்களும் எழுந்து பேசினார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்கள் முழக்கம் ஆயிற்று. 1996ஆம் ஆண்டு பியாவர் நகரில் 40 நாள் தர்ணா செய்தார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தில் நமக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும். தகவல் அலுவலர் அதை எழுத உதவ வேண்டும். தகவல் எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

கேரளத்தில் வேறு ஒரு வழி. 1996 ஆகஸ்டில் அங்கே மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்றார்கள். கிராம சபையில் கொஞ்ச நேரம்தான் பொதுப் பேச்சு. பிறகு விவசாயம், குடிநீர், கல்வி என்று சிறு சிறு குழுவாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். பேச்சை நடத்தப் பயிற்சி பெற்றவர் குழுவுக்கு ஒருவர். பெரிய கூட்டத்தில் வாய் திறக்காதவரும் சின்னக் குழுவில் பேசுவார். இது நம் வீட்டுத் திண்ணையிலேயே தெரிந்த விஷயம்தான்.

நம் கற்போர் மையத்திலும் இப்படிக் கற்கலாம். ஏதாவது ஒரு வேலையின் நகலை வாங்கி வாருங்கள். 600 அடி நீளம், 10 அடி அகலம், அரை அடி கனத்துக்குக் கிராவல் சாலை என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 3,000 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட். ஆக 30 யூனிட். ரோலர் ஓட்டினால் கிராவல் அமுங்கும். ஆகவே கொஞ்சம் கூடுதலாக வாங்கியிருக்கலாம். ஆனால் பில்லில் 60 யூனிட் இருந்தால்? டேப்பை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய் அளந்து பாருங்கள். வகுப்பை அங்கேயே நடத்துங்கள்.

கிராம சபைக்கு முதல் வாரம் நாடகம்போல ஒத்திகை பாருங்கள். ஒருவர் தலைவர், ஒருவர் செயலர். மற்றவர்கள் கேள்வி கேளுங்கள். தலைவராக நடிப்பவர் வேண்டுமென்றே கோபப்படட்டும், பேச்சை மாற்றட்டும். அப்போதும் விடாமல் இரண்டு வாக்கியங்களைச் சொல்லிப் பழகுங்கள். "இதைத் தீர்மானத்தில் எழுதுங்கள்." "எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்."

வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். தீர்மான நோட்டில் கடைசி வரிக்குக் கீழே இடம் விட்டிருந்தால், முதலில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோட்டை ஒட்டி உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.