தன் முகவரியிலிருந்தே வரும் மிரட்டல்

இணையக் குற்றங்களின் இயங்குமுறை – 9

கணினியின் கேமரா வழியாக அந்தரங்கக் காட்சி பதிவு செய்யப்பட்டுவிட்டதாகவும், குறித்த கெடுவுக்குள் பிட்காயினில் பணம் செலுத்தாவிட்டால் அப்பதிவு உற்றாருக்கும் உடன் பணிபுரிவோருக்கும் அனுப்பப்படும் என்றும் அச்சுறுத்தும் மின்னஞ்சல்கள், 2018 ஜூலை முதல் பல நாடுகளில் பேரளவில் பரவத் தொடங்கின. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நடத்தும் இணையக் குற்றப் புகார் மையத்துக்கு அவ்வாண்டில் மட்டும் 51,146 பணப்பறிப்புப் புகார்கள் வந்தன. இது முந்தைய ஆண்டைவிட 242 விழுக்காடு அதிகம் என்றும், இவ்வகை மின்னஞ்சல்களே அவ்வுயர்வுக்குப் பெரிதும் காரணம் என்றும் அம்மையம் பதிவு செய்தது. மொத்தமாக அனுப்பப்படும் இக்கடிதங்களின் பின்னால் பொதுவாக எந்தக் காணொளியும் இருப்பதில்லை. இல்லாததை இருப்பதாக நம்பவைக்க அவை முன்வைக்கும் சான்றுகள் எவை, அச்சான்றுகள் உண்மையில் எதை மட்டும் நிறுவுகின்றன என்பதை இப்பகுதி ஆராய்கிறது.

பெறுபவரைத் திகைக்கவைக்கும் முதற்சான்று, கடிதம் அவருடைய சொந்த முகவரியிலிருந்தே வந்ததாகக் காட்டப்படுவது. மின்னஞ்சல் கணக்கே கைப்பற்றப்பட்டுவிட்டது என்பதற்கு இதுவே ஆதாரம் எனக் கடிதம் வாதிடும். ஆனால் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மின்னஞ்சலைக் கடத்தும் எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறையை ஜோனதன் போஸ்டல் 1982இல் வகுத்தபோது, அனுப்புநர் தம்மைப் பற்றிச் சொல்வது மெய்யா என்று சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் இடம்பெறவில்லை. தபால் உறையின் மேலுள்ள முகவரியும் உள்ளிருக்கும் தாளில் எழுதப்பட்ட முகவரியும் வேறுபடக்கூடியதைப் போலவே, மின்னஞ்சலிலும் சர்வர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் அனுப்புநர் முகவரி ஒன்று, படிப்பவரின் திரையில் தெரியும் ‘ஃப்ரம்’ வரி மற்றொன்று என இரண்டு உள்ளன. இவற்றுள் இரண்டாவது, அனுப்புபவர் விரும்பியபடி எழுதிக்கொள்ளக்கூடிய வெறும் எழுத்து வரிசையே. அதைப் போலியாக நிரப்பும் செயலே ‘ஸ்பூஃபிங்’ எனப்படுகிறது.

இக்குறையை நீக்க மூன்று சரிபார்ப்பு முறைகள் பின்னாளில் சேர்க்கப்பட்டன. ஒரு டொமைனின் பெயரால் அஞ்சல் அனுப்ப எந்தெந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்பதை அந்த டொமைனின் உரிமையாளரே பொதுவில் அறிவித்துவைப்பது எஸ்.பி.எஃப்.; அனுப்பும் நிறுவனம் கடிதத்தில் இடும் மறைகுறியீட்டுக் கையொப்பம் டி.கே.ஐ.எம்.; இவ்விரண்டில் ஒன்றேனும் திரையில் தெரியும் முகவரியின் டொமைனோடு பொருந்தித் தேறாவிட்டால் கடிதத்தை ஏற்பதா, ஸ்பேம் பெட்டிக்கு ஒதுக்குவதா, திருப்பிவிடுவதா என்று பெறும் சர்வருக்கு வழிசொல்வது டிமார்க். மொத்தமாக அஞ்சல் அனுப்புவோர் இம்மூன்றையும் கடைப்பிடிக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் வலியுறுத்தத் தொடங்கின. எனினும் டிமார்க் அறிவிப்பு இல்லாத டொமைன்களும், அறிவித்திருந்தும் ‘நடவடிக்கை வேண்டாம்’ என்ற நிலையிலேயே அதை விட்டுவைத்துள்ள டொமைன்களும் இருப்பதால், போலி முகவரிக் கடிதங்கள் இன்னும் உள்ளே நுழைகின்றன. ஜிமெயிலில் ‘ஷோ ஒரிஜினல்’ என்னும் தெரிவு, கடிதம் கடந்துவந்த சர்வர்களின் விவரத்தையும் இம்மூன்று சோதனைகளின் முடிவையும் காட்டும். அவற்றில் கடிதம் தேறவில்லை எனத் தெரிந்தால், அது அந்தக் கணக்கிலிருந்து புறப்பட்டதல்ல, அதன் பெயரை ஒட்டிக்கொண்டு வந்தது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

இரண்டாவது சான்றான கடவுச்சொல், பல வேளைகளில் உண்மையானதாகவே இருக்கும். அச்சம் வேரூன்றுவதும் இங்கேதான். 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடப்பட்ட தரவில் 11 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொற்களும் இருந்தது 2016இல் அவை விற்பனைக்கு வந்தபோது தெரியவந்தது. இத்தகைய கசிவுகளின் தொகுப்புகளிலிருந்து முகவரியையும் கடவுச்சொல்லையும் எடுத்து, ஆயத்தக் கடிதத்தின் வெற்றிடங்களில் ஒரு நிரலே இட்டு நிரப்பிவிடுகிறது. ஆகவே அக்கடவுச்சொல் என்றோ ஓர் இணையதளம் தரவைக் காக்கத் தவறியதற்கே சான்று, கேமரா கைப்பற்றப்பட்டதற்கு அல்ல. டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்டு’ தளத்தில், ஒரு முகவரி எந்தெந்தக் கசிவுகளில் அகப்பட்டது என்பதைப் பார்க்கலாம். 2024இல் வந்த கடிதங்களில் வீட்டின் தெருப்புறப் படமும் இணைக்கப்பட்டிருந்தது. அதுவும் கசிந்த முகவரியைக் கொண்டு இணைய வரைபடச் சேவையிலிருந்து எடுக்கப்படக்கூடியதே.

இத்தொழிலின் பொருளாதாரமும் இதையே உறுதிப்படுத்துகிறது. உரிமையாளர் அறியாமலே ஒருவரின் ஆணைக்கு இயங்கும் தொற்றுற்ற கணினிகளின் கூட்டம் ‘பாட்நெட்’ எனப்படும். அவ்வகையைச் சேர்ந்த ஃபோர்பீக்ஸ் மணிக்கு 30,000 மிரட்டல் கடிதங்கள் வரை அனுப்பியதாகவும், ஒரே சுற்றில் 2.7 கோடிப் பேர் வரை அதன் இலக்காகக்கூடும் என்றும் செக் பாயின்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் தெரிவித்தனர். பிட்காயின் பரிமாற்றப் பதிவேடு எவரும் பார்க்கக்கூடியது என்பதால், ஐந்து மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் அக்கும்பலுக்குச் சேர்ந்ததையும் அவர்களால் கணக்கிட முடிந்தது. கோடிக்கணக்கானோரின் கேமராக்களைக் கண்காணிக்கும் உழைப்பு எவருக்கும் கட்டுப்படியாகாது. ஆயிரங்களில் ஒருவர் அஞ்சிப் பணம் செலுத்தினாலும் கடிதம் அனுப்பிய செலவு மீண்டுவிடும். ஒரே பிட்காயின் முகவரி பலருக்கும் தரப்படும் கடிதங்களில், பணம் செலுத்தியவர் யார் என்பதை அனுப்பியவரால்கூடப் பிரித்தறிய இயலாது என்பதால், பணம் வந்தால் பதிவை அழித்துவிடுவதாகக் கூறும் உறுதிமொழிக்கும் பொருளில்லை.

எனவே இத்தகைய கடிதத்துக்கு மறுமொழி அனுப்புவதோ பணம் செலுத்துவதோ கூடாது. மறுமொழி, அம்முகவரியில் கடிதத்தைப் படிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அனுப்பியவருக்கு உறுதிப்படுத்திவிடும். குறிப்பிடப்பட்ட கடவுச்சொல் இன்னும் எங்கேனும் பயன்பாட்டில் இருந்தால் அங்கெல்லாம் அதை மாற்றி, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்குவதும், கணக்கில் அறிமுகமற்ற சாதனங்கள் நுழைந்துள்ளனவா என்று பார்ப்பதும் தேவை. தலைப்பகுதி விவரங்களோடு கடிதத்தைச் சேமித்துவைத்தால், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் அளிக்கும்போது அது பயன்படும். பணம் ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். அச்சுறுத்திப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். காணொளி இல்லை என்பதால் குற்றம் இல்லாமல் போவதில்லை.

ஆனால் கடிதத்தோடு உண்மையான படமோ காணொளியோ இணைக்கப்பட்டிருந்தாலும், மிரட்டுபவரோடு முன்பே உரையாடலோ காணொளி அழைப்போ நடந்திருந்தாலும், மேற்கண்ட வாதங்கள் அதற்குப் பொருந்தா. அங்கே சான்று மெய்யானது என்பதால் அதனைப் புறக்கணிப்பது தீர்வாகாது; புகாரும் உடனடித் துணையும் அங்கே இன்றியமையாதவை. அவ்வகை மிரட்டல் எவ்வாறு தொடங்கி எவ்வாறு இறுகுகிறது என்பது அடுத்த இதழில் விளக்கப்படும்.

(தொடரும்)