பிறப்பே குற்றமா?
நாடு இழந்த சட்ட அறிஞரின் கதை

ஒருவன் பசியால் துடிக்கிறான். அடுத்தவன் வைத்திருந்த ரொட்டியை எடுத்துத் தின்று விட்டான். அவன் திருடனா?

இன்னொருவன் மரம் வெட்டுகிறான். மரம் சாய்ந்தது. வழியே போனவர் அதில் சிக்கி இறந்து போனார். வெட்டியவன் கொலைகாரனா?

800 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் வாழ்ந்த கத்தோலிக்க சட்ட அறிஞர்கள் இந்தக் கேள்விகளை எழுப்பினார்கள். நடந்ததை மட்டும் பார்த்தால் போதாது. செய்தவன் மனதில் என்ன இருந்தது என்றும் பார்க்க வேண்டும் என்று வாதாடினார்கள்.

அந்தப் பழைய வாதங்களை ஏடுகளில் தேடிப் பிடித்து, உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஸ்டெபான் குட்னர்.

ஆனால், அவருடைய சொந்த நாடு அவர் மனதைப் பார்க்கவில்லை. அவர் செய்த காரியத்தையும் பார்க்கவில்லை. அவர் எந்த வம்சத்தில் பிறந்தார் என்பதை மட்டுமே பார்த்தது!

பெர்லினில் இடி விழுந்தது

குட்னர், 1907-ம் ஆண்டு ஜெர்மனியில் உள்ள பான் நகரில் பிறந்தார். யூத வம்சம். ஆனால், லுத்தரன் கிறிஸ்தவராக வளர்ந்தார். பிறகு, இளம் வயதிலேயே கத்தோலிக்கரானார்.

பெர்லினில் சட்டம் படித்தார். 1930-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. பேராசிரியர் பதவி வெகு தூரத்தில் இல்லை.

1933-ம் ஆண்டு பிறந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு சட்டம் வந்தது. யூத வம்சத்தினர் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். பாட்டன், பாட்டிமாரில் ஒருவர் யூதராக இருந்தாலும் போதும். ஜெர்மனியில் பல்கலைக் கழகங்களும் அரசாங்கத்தைச் சேர்ந்தவை. ஆகவே, பேராசிரியர்கள் பலர் வேலை இழந்து தெருவுக்கு வந்தார்கள்.

ஞானஸ்நானம் பெற்றதும் குட்னரைக் காப்பாற்றவில்லை. அந்தச் சட்டம் கேட்டது, "உன் பாட்டன் யார்?" என்ற ஒரே கேள்விதான்.

குட்னர் காத்திருக்கவில்லை. அதே ஆண்டில் ரோமாபுரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அடைக்கலம் தந்த நூல் நிலையம்

ரோமாபுரிக்கு நடுவே, போப்பாண்டவரின் ஆட்சிக்கு உட்பட்டது வாடிகன். அது ஒரு தனி நாடு. அங்கே உள்ள நூல் நிலையம் உலகப் புகழ் பெற்றது. ஆயிரக்கணக்கான பழைய கையெழுத்து ஏடுகள் அங்கே இருக்கின்றன.

அந்த நூல் நிலையத்தில் குட்னருக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்தது.

அங்கே அவர் எதை ஆராய்ந்தார்?

கத்தோலிக்க திருச்சபைக்குத் தனிச் சட்டம் உண்டு. குருமார் எப்படி நடக்க வேண்டும், கோவில் சொத்தை யார் நிர்வகிப்பது, எந்தத் திருமணம் செல்லும் என்பதையெல்லாம் அது சொல்லும்.

ஆனால், ஒரு காலத்தில் அந்தச் சட்டம் ஒரே குழப்பமாக இருந்தது. ஒரு சபை ஒரு விதி போட்டது. ஒரு போப்பாண்டவர் அதற்கு நேர்மாறாக ஒரு கட்டளை இட்டார். எது சரி? யாருக்கும் தெரியவில்லை.

சுமார் 1140-ம் ஆண்டில், இத்தாலியில் உள்ள பொலோனா நகரில் கிராசியன் என்பவர் இந்தச் சிக்கலை அவிழ்க்க முன்வந்தார். ஏறத்தாழ 4,000 பகுதிகளை ஒன்று சேர்த்தார். முட்டி மோதும் விதிகளை அருகருகே வைத்தார். இரண்டையும் எப்படிச் சமாதானப்படுத்தலாம் என்று ஆராய்ந்தார். "முரண்படும் விதிகளின் இசைவு" என்று தன் நூலுக்குப் பெயர் வைத்தார்.

விருப்பம் இல்லாத பெண்ணை ஒருவனுக்குக் கட்டி வைக்கலாமா என்ற கேள்வி கூட அந்த நூலில் உண்டு. கூடாது என்பது கிராசியனின் தீர்ப்பு!

ஓரத்தில் ஓர் எழுத்து

அப்போது அச்சு யந்திரம் கிடையாது. நூலைக் கையால்தான் நகல் எடுத்தார்கள். பதப்படுத்திய ஆட்டுத் தோலும் கன்றுத் தோலும்தான் காகிதம்.

மாணவர்களும் ஆசிரியர்களும் ஏட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் விளக்கம் எழுதினார்கள். வேறொருவர் அதற்கும் விளக்கம் எழுதினார். எழுதியவர் யார்? முழுப் பெயர் இருக்காது. கடைசியில் ஒன்றிரண்டு எழுத்து மட்டும் இருக்கும். பல இடங்களில் அதுவும் இருக்காது.

அந்த ஓர் எழுத்தை வைத்துக் கொண்டு ஆளைக் கண்டு பிடிக்க வேண்டும். அந்த ஏடுகளும் ஒரே ஊரில் இல்லை. ஐரோப்பா முழுவதும் சிதறிக் கிடந்தன.

குட்னர் சலிக்காமல் தேடினார். துப்பறிகிறவரைப் போல ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டார். எந்த ஏடு எந்த ஊரில் இருக்கிறது, அதில் யாருடைய விளக்கம் இருக்கிறது என்று பட்டியல் போட்டார். 1140 முதல் 1234 வரை எழுதப்பட்ட சட்ட நூல்களுக்கு அது ஒரு வழிகாட்டி. 1937-ல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 30. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வழி நடந்தார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1935-ல், இன்னொரு பெரிய நூலை அவர் வெளியிட்டிருந்தார். குற்றம் என்றால் என்ன என்பதுதான் அந்த நூலின் பொருள்.

அறியாமல் செய்தவன் குற்றவாளியா? பலவந்தத்துக்கு ஆளானவன் குற்றவாளியா? சித்தப் பிரமை பிடித்தவன் குற்றவாளியா? பழைய பண்டிதர்கள் சொன்ன பதில்களை அதில் அவர் தொகுத்தார்.

உயிர் போகும் பசியில் எடுத்துத் தின்றவன் திருடன் அல்ல என்று அவர்களில் பலர் சொன்னார்கள். மரம் வெட்டியவன் கதை என்ன? அவன் செய்தது நியாயமான வேலையா, வேண்டிய ஜாக்கிரதையோடு செய்தானா என்று விசாரிக்கச் சொன்னார்கள்.

பிறப்பின் காரணமாக நாட்டை இழந்த மனிதர் எழுதிய நூல் இது!

மீண்டும் மூட்டை கட்டினார்

ரோமாபுரியிலும் நிம்மதி நிலைக்கவில்லை. 1938-ல் முசோலினியின் அரசாங்கமும் யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு உலக யுத்தம் மூண்டது.

1940-ல் குட்னர் மனைவி மக்களோடு அமெரிக்காவுக்குப் போனார். வாஷிங்டனில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக் கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றுக் கொண்டது.

உயிர் பிழைத்தது. ஆனால், ஏடுகள்? அவை எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், யுத்த பூமியில் இருந்தன!

குட்னர் சோர்ந்து விடவில்லை. 1943-ல், பழங்கால ஆராய்ச்சிக்காக "டிரடிஷியோ" என்ற வெளியீட்டை இன்னோர் அறிஞருடன் சேர்ந்து தொடங்கினார். 1955-ல், மத்திய காலத் திருச்சபைச் சட்டத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தினார். ஏடுகளைப் படம் பிடித்து, படச் சுருள்களைச் சேர்த்தது அந்தக் கழகம். ஏடு இருக்கும் ஊருக்குப் போக முடியாதவர்களும், அதன் படத்தைப் பார்த்துப் படிக்க முடிந்தது.

1964-ல் யேல் பல்கலைக் கழகம் அவரை அழைத்தது. 1970-ல் கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி பல்கலைக் கழகம் அழைத்தது. அவர் போன இடத்துக்கெல்லாம் கழகமும் கூடவே போயிற்று.

அவர் குருவும் அல்ல, துறவியும் அல்ல. ஒன்பது குழந்தைகளுக்குத் தகப்பனார். திருச்சபைச் சட்டம் என்றாலே குருமார்களின் துறை என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், குடும்பஸ்தரான அவர் அந்தத் துறைக்கே தலைமை ஆசானாக விளங்கினார்.

மீண்டும் அதே இடம்

குட்னர் 1996-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெர்க்லியில் காலமானார். வயது 89.

அவர் காட்டிய வழி அத்துடன் நின்று விடவில்லை. கிராசியனின் நூலுக்கு முதலில் ஒரு சிறிய வடிவம் இருந்தது, பிறகுதான் அது பெரிதாக வளர்ந்தது என்று ஆண்டர்ஸ் வின்ரோத் என்ற ஆராய்ச்சியாளர் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எடுத்துக் காட்டினார். எப்படித் தெரிந்தது? பழைய ஏடுகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்ததில்தான்.

குட்னரின் வாழ்க்கையில் இன்னும் ஒரு சம்பவம் உண்டு.

1986, 1987-ம் ஆண்டுகளில், வாடிகன் நூல் நிலையத்தில் உள்ள சட்ட ஏடுகளின் விவரப் பட்டியல் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவர் குட்னர். முதல் பாகம் வந்தபோது அவருக்கு வயது 79.

26 வயதில் நாடு இழந்து நின்றவருக்கு, உட்கார்ந்து படிக்க இடம் கொடுத்தது அந்த நூல் நிலையம். முதுமையில், அதே நூல் நிலையத்தின் ஏடுகளை வரிசைப்படுத்திக் கொடுத்து, அவர் அந்தக் கடனைத் தீர்த்தார்.