சுவர் யாருடையது?

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் பேருந்தில் வந்தால் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று ஊர் ஊராகச் சுவர்களைப் படித்துக்கொண்டே வரலாம். சிமெண்ட் விளம்பரம், கட்சிச் சின்னம், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி. தேர்தலுக்கு இரண்டு வருடம் இருக்கும்போதே சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சிப் பெயரை எழுதிச் சுவரைப் பிடித்து வைத்துவிடுகிறார்கள். இதையெல்லாம் அசிங்கம் என்று யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை. காலனிப் பையன் தூரிகை எடுத்தால்தான் சட்டம் எல்லோருக்கும் நினைவு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஏப்ரல் 14-க்கு முந்தைய இரவு. இந்த வட்டாரத்துக் காலனி ஒன்றின் முகப்பில், சாலையோரப் பாலத்துச் சுவரில் இளைஞர்கள் அம்பேத்கர் பெயரை நீல பெயிண்டில் எழுதினார்கள். நாங்களும் உடன் இருந்தோம். எழுத்துப் பிழை பார்க்கிற வேலை எங்களுக்கு. தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு ஊரில் நிச்சயமாகக் கிடைக்கிற வேலை அதுதான். விடிந்து போய்ப் பார்த்தால் பெயரின் மேல் தார் பூசியிருந்தது. புகார் கொடுக்கப் போனோம். "பொதுச் சுவரில் எழுதினது முதல்ல உங்க தப்பு. கேஸ் போட்டா ரெண்டு பக்கமும் போடணும், பரவாயில்லையா?" என்று கேட்டார்கள். பையன்களில் இரண்டு பேர் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தார்கள். புகாரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டோம்.

அதே பாலத்தின் எதிர்ச் சுவரில் ஒரு சாதியின் வண்ணப் பட்டை பல வருடமாக இருந்தது. அதை யாரும் எழுத்து என்றே எண்ணவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. திறந்தவெளி இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959-இலேயே வந்துவிட்டது. 2006 சட்டமன்றத் தேர்தலில் தேர்தல் ஆணையம் அதைக் கண்டிப்புடன் கையில் எடுத்தது. தேர்தல் காலத்தில் நகர்ப்புறங்களில் சுவர் விளம்பரமே கூடாது. கிராமப்புறத்தில் தனியார் சுவர் என்றால் உரிமையாளர் எழுத்தில் அனுமதி தர வேண்டும் என்பது நடைமுறை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாலையைப் பார்த்த சுவர் யாரிடம் இருக்கிறது? கடை, மண்டபம், அரிசி ஆலை, காம்பவுண்டு வைத்த வீடு எல்லாம் ஊர்த்தெருக்காரர்களுடையவை. காலனியோ சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு பேச்சுரிமையை எல்லோருக்கும் தருகிறது. சுவரை யாருக்கும் தருவதில்லை. அதனால் சுவர் வைத்திருப்பவன் எழுதினால் விளம்பரம், இல்லாதவன் எழுதினால் குற்றம் என்று ஆகிவிடுகிறது.

சுவரில் எழுதுவது எல்லாமே உரிமைதான் என்று நாம் சொல்ல வரவில்லை. 2011 செப்டம்பர் 9 அன்று ராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டாரத்தில், பள்ளப்பச்சேரியைச் சேர்ந்த 16 வயது தலித் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். முத்துராமலிங்கத் தேவரை இழிவுபடுத்தும் சுவரெழுத்துதான் காரணம் என்று சொல்லப்பட்டது. எழுதியது யார் என்ற கேள்விக்குப் பதில் வருமுன்பே ஓர் உயிர் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து, இமானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடியில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் இறந்தவர்களும் நம் மக்களே. இறந்த தலைவர் எவரையும் இழிவாக எழுதுவதை நாம் ஆதரிக்கவில்லை. அழிக்கலாம், வழக்குப் போடலாம். ஆனால் ஒரு வரிக்கு விலை ஒரு சிறுவனின் கழுத்து என்றால், அங்கே பிரச்சினை சுவரில் இல்லை. அதே 2011-இல் சிரியாவின் தெரா நகரில், ஆட்சிக்கு எதிராகச் சுவரில் எழுதிய பள்ளிச் சிறுவர்களைப் பிடித்துப் போய்ச் சித்திரவதை செய்தார்கள். அங்கே எழுத்தைக் கண்டு பயந்தது அரசு. இங்கே அரசுக்கு முன்பாகச் சாதி வந்து நின்றுகொள்கிறது.

நம் மாவட்டத்துக்கு வருவோம். ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1 பூலித்தேவன் பிறந்த நாள். நெற்கட்டும்செவலில் ஒரே படையில் நின்று போரிட்டவர்கள். இன்று சுவரொட்டியில் தனித்தனி வண்ணத்தில் நிற்கிறார்கள். அந்த நாட்களில் தடை உத்தரவும் வருகிறது. அதே வண்ணங்கள்தான் மின்கம்பத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஏறி, கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கையில் கயிறாக வந்து முடிகின்றன. நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கம்பத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் பிடித்தால் என்ன பயன் என்று ஓர் ஆசிரியர் எங்களிடம் கேட்டார். வண்ணப் பட்டை கருத்து எதையும் சொல்லவில்லை. "இது எங்கள் எல்லை" என்று மட்டும் சொல்கிறது. அதைக் கருத்துரிமைக் கணக்கில் சேர்க்க எங்களுக்கு மனம் வரவில்லை, அது நம் சாதிக்காரர் பூசியதாக இருந்தாலும்.

இதில் அரசே எழுதிய எழுத்தும் உண்டு. ஊர் முகப்பில் மஞ்சள் பலகையில் சாதிப் பெயரோடு 'காலனி' என்று எழுதி வைத்தது யார்? 2025 ஏப்ரலில்தான், அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாமும் பழக்கத்தில் இந்தக் கட்டுரை முழுக்க அதையே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில், 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு எதிராகப் பகையைத் தூண்டும் எழுத்தும் குற்றம். அவர்கள் பெரிதும் மதிக்கிற மறைந்த தலைவரை அவமதிக்கும் எழுத்தும் செயலும் குற்றம். பெயரின் மேல் தார் பூசியவர்கள் மீது எந்தப் பிரிவில் புகார் எழுதுவது என்று அன்று எங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்தத் தாள் சட்டைப்பையோடு திரும்பி வந்திருக்காது. படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்வது அதைவிட முக்கியம். தாரை உடனே சுரண்டிவிடுவது நாங்கள் செய்த தவறு.

அந்தப் பையன்கள் இப்போதும் ஒவ்வோர் ஏப்ரலிலும் எழுதுகிறார்கள். பாலத்தில் இல்லை, தங்கள் தெருவில் ஓர் அம்மா கொடுத்த வீட்டுச் சுவரில். சட்டப்படி எல்லாம் சரி. பேருந்து அந்தத் தெருவுக்குள் வருவதில்லை.