கைவண்ணம் ஒட்டுப்படமாகும் விதம்

தாம் தீட்டிய ஓவியம் ஏட்டினுள் மறைந்து கிடப்பதைக் காட்டிலும், நண்பரின் நூலட்டையிலும் நீர்க்குப்பியிலும் விளங்கக் காண்பது எத்துணை மகிழ்ச்சி! ஸ்டிக்கர் எனப் பெறும் ஒட்டுப்படத்தை அச்சகத்தை நாடாமல் இல்லத்திலேயே ஆக்கிக் கொள்ளலாம்.

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஸ்டாண்டன் ஏவரி என்பார், தாமே ஒட்டிக் கொள்ளும் சீட்டுகளைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். இத்தகைய சீட்டு மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே படம் ஏற்கும் தாள், இடையே பசை, அடியில் சிலிக்கோன் பூசிய தாங்குதாள். சிலிக்கோனைப் பசை இறுகப் பற்றுவதில்லை. ஆகவே படம் எளிதில் உரிந்து வருகிறது.

வெண்தாளில் தெளிவான கோடுகளால் வரைந்து வண்ணம் தீட்டுக. அதனை 300 டி.பி.ஐ. நுட்பத்தில் ஸ்கேன் செய்து, ஏ4 அளவில் படங்களை நிரல்பட அடுக்குக. ஒவ்வொன்றைச் சுற்றியும் 3 மி.மீ. வெண்விளிம்பு விடின், கத்தி சற்றே பிறழினும் ஓவியம் ஊறுபடாது. இங்க்ஜெட் பொறிக்குரிய ஒட்டுத்தாளை லேசர் பொறியில் இடலாகாது. வெப்பத்தால் அது உருகிப் பொறியையே கெடுத்துவிடக் கூடும்.

பலரும் அவசரத்தால் பிழைபடுவது இதன் பின்னரே. இங்க்ஜெட் மை பெரும்பாலும் நீர்பட்டால் கரையும். ஆதலின், அச்சிட்டதை நன்கு உலரவிட்டு, ஒளிபுகும் படலத்தை ஒரு முனையிலிருந்து நீவி ஒட்டுக. பின்பு கூரிய கத்தியால் மேலடுக்குகளை மட்டும் கீறுக; தாங்குதாள் அறுபடலாகாது. இதுவே இக்கலையின் உயிர்நிலை.

முதல் தாள் பாழாயினும் சோர்வு வேண்டா. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைப் பழகப் பழகக் கையே கற்றுக் கொள்ளும்.