வாடிய பீஸ் லில்லியை மீட்பது எப்படி?
தண்ணீர் விடும் முன் வேரைப் பாருங்கள்

தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வயல்கள் பெரும்பாலும் வீட்டு மனைகளாகிவிட்டன. கையில் ஐந்து, பத்து சென்ட் மட்டுமே மிஞ்சியுள்ள சிறு விவசாயிக்கு, நிழல்வலை கட்டித் தொட்டிச் செடி வளர்ப்பது ஏற்ற தொழில். வாங்குவோர் அக்கம்பக்கத்து அடுக்குமாடி வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்கள் விரும்பிக் கேட்கும் செடிகளில் ஒன்று பீஸ் லில்லி. இதன் தாவரவியல் பெயர் ஸ்பேத்திஃபில்லம்.

பெயரில் லில்லி என்றிருந்தாலும் இது லில்லி இனம் அல்ல. நம் சேம்பு, சேனை, கருணை ஆகியவற்றின் குடும்பம். வெள்ளையாகத் தெரிவது பூவிதழ் அன்று. பூந்தண்டைச் சுற்றி நிற்கும் மடல். உண்மையான பூக்கள் நடுவில் உள்ள தண்டில் நெருக்கமாக ஒட்டியிருக்கும். தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காவின் மழைக்காடுகளில் பெரிய மரங்களின் நிழலில், இலைச் சருகு மக்கிய மண்ணில் வளர்வது இதன் இயல்பு. அந்த மண் எப்போதும் ஈரமாக இருக்கும். ஆனால் நீர் தேங்காது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இச்செடி வாடினால் இலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தொட்டியின் விளிம்பில் சாய்ந்துவிடும். பார்ப்பவர் உடனே பூவாளியை எடுப்பார். செடிகள் சாவது பெரும்பாலும் இங்கேதான். நீர் இல்லாமல் வாடினாலும், நீர் மிகுந்து வேர் அழுகி வாடினாலும் மேலே தெரியும் தோற்றம் ஒன்றே. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே நீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும்.

முதலில் தொட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். எடை குறைந்து, மண் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருந்தால் அது வறட்சி. தொட்டியை ஒரு வாளி நீரில் அரை மணி நேரம் வைத்து, பிறகு வெளியே எடுத்து வடிய விட்டால் போதும். சில மணி நேரத்தில் இலைகள் நிமிர்ந்துவிடும். தொட்டி கனமாக இருந்து, விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டால் சேறு போல ஒட்டினால், செடியை வேர்க்கட்டோடு கவிழ்த்து எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பு நிறமாகி, இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் நிற்கும். கெட்ட வாடையும் வரும்.

வெள்ளத்திற்குப் பின்

முடிச்சூர்ப் பகுதிக்கு இது சிறு விஷயம் அல்ல. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்யத் தொடங்கிய பெருமழை, ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் அளவைத் தொட்டது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் குடியிருப்புகள் மூழ்கின. 2021 நவம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மீண்டும் வெள்ளம் சூழ்ந்தது. தரையில் தொட்டி அடுக்கும் பழக்கம் இவ்வூருக்கு ஒத்துவராது. செங்கல் அடுக்கி, சவுக்குக் கழி பரப்பி இரண்டு அடி உயரத்தில் மேடை போட்டுக்கொள்ள ஆகும் செலவு, ஒரு சாதாரண மழைக்காலத்திலேயே திரும்பிவிடும்.

வெள்ள நீரில் நின்ற செடிகளை நல்ல தண்ணீரில் கழுவி, நீர் வடிந்த முதல் சில நாட்களுக்குள் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் அழுகல் தூருக்கு ஏறிவிடும். தூர் கெட்டியாக இருந்தால் செடி பிழைக்கும். அழுத்தினால் கொழகொழவென்று உள்ளே போனால் அதற்குச் செலவு செய்யாமல் அப்புறப்படுத்துவதே லாபம்.

பிழைக்கக்கூடிய செடியில் அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தியால் வெட்ட வேண்டும். ஒரு செடி முடிந்ததும் கத்தியைச் சுடுநீரில் முக்கி எடுப்பது அவசியம். இச்செடி தூர் கட்டி வளர்வதால், கைகளால் மெல்லப் பிரித்தால் பக்கக் கன்றுகள் தனித்தனியே வரும். ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு இலையும் கொஞ்சமாவது வெள்ளை வேரும் இருக்க வேண்டும். வேர் குறைந்த அளவுக்கு வெளி இலைகளையும் பூக்களையும் நீக்க வேண்டும். பூவை வெட்டப் பலருக்கு மனம் வராது. ஆனால் பிழைக்கப் போராடும் செடிக்குப் பூ ஒரு சுமை.

புதிய தொட்டி, வேர் அடங்கும் அளவுக்கு மட்டுமே இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து மறுபடி அழுகல் வரும். வயல் களிமண்ணை அப்படியே நிரப்பக் கூடாது. நன்கு மக்கிய தென்னை நார்க்கழிவு 2 பங்கு, தொழு உரம் 1 பங்கு, மணல் அல்லது கருக்கிய உமி 1 பங்கு கலந்து நிரப்பலாம். புதிய நார்க்கழிவில் உப்பு இருக்கும். பலமுறை அலசிய பிறகே சேர்க்க வேண்டும். தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து இரண்டு வாரம் நிழலில் ஈரம் காத்து வைத்துப் பயன்படுத்துவது நல்லது. நட்ட பின் காப்பர் ஆக்சிகுளோரைடு மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து வேர்ப் பகுதி நனைய ஊற்றலாம். அதே நேரத்தில் டிரைக்கோடெர்மா இடக் கூடாது. மருந்து அதன் வீரியத்தைக் குறைக்கலாம். இரண்டில் ஒன்றே போதும்.

வெள்ளம் வராமலே, நல்ல வடிகால் இருந்தும் செடிகள் வரிசையாக வாடினால் வேறு சந்தேகம் கொள்ள வேண்டும். சிலிண்ட்ரோகிளேடியம் என்ற பூசணம் இச்செடியின் பெரிய எதிரி. பழைய தொட்டி, பழைய மண், தெறிக்கும் நீர் வழியே பரவும். இதற்கு வைத்தியம் பார்ப்பதைவிட நோய்ச் செடியை மண்ணோடு அகற்றி எரித்துவிடுவது மேல். அந்த மண்ணைத் தென்னைக்குப் போடலாமே என்று பண்ணைக்குள்ளேயே கொட்டி வைப்பவர்கள் நோயைச் சேமித்து வைக்கிறார்கள்.

இலை நுனி கருகினால்

வேர் நன்றாக இருந்தும் இலை நுனி பழுப்பாகக் கருகுவது புறநகரில் பொதுவான புகார். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரே பல இடங்களில் காரணம். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் ஐயமில்லை. மாதம் ஒரு முறை தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி உப்பை அடித்துச் செல்ல விட வேண்டும். இதற்கு மழைநீரைவிடச் சிறந்தது இல்லை. தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரில் இரண்டு டிரம் பிடித்து வைத்தால் ஒரு சிறு பண்ணையின் நோயாளிச் செடிகளுக்குப் போதும்.

இலை வெளுத்துத் திட்டுத் திட்டாகக் கருகினால் அது வெயில் சூடு. அக்னி நட்சத்திர நாட்களில் 75 சதவீத நிழல்வலை தேவை. கரும்பச்சையாகச் செழித்தும் பூக்காவிட்டால் வெளிச்சம் போதவில்லை. சில பெரிய பண்ணைகள் ஜிப்ரெலிக் அமிலம் தெளித்துப் பூக்க வைத்து விற்பதுண்டு. வாங்கியவர் வீட்டில் அடுத்த ஆண்டு பூக்கவில்லையென்றால் பழி விற்ற நர்சரிக்கு வரும். வெள்ளை மடல் சில வாரங்களில் பச்சையாவது நோயன்று, அது முதிர்ச்சி. இதை வாங்குவோரிடம் முன்கூட்டியே சொல்வது நல்லது.

காற்றைச் சுத்தம் செய்யும் செடி என்று கூறி விற்பவரும் உண்டு. 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வெளியிட்ட ஆய்வு மூடிய சிறு அறைகளில் செய்யப்பட்டது. காற்றோட்டமுள்ள வீட்டில் ஒரு தொட்டியால் அந்தப் பலன் கிடைக்காது. அழகுக்காக விற்றாலே விலை போகும் செடிக்கு இந்தப் பொய் எதற்கு?

மாற்றி நட்ட கன்றுகளைக் காற்று அடிக்காத நிழலில் வைத்து, இலை மேல் நீர் தெளித்து, மண்ணுக்குக் குறைவாக நீர் விட வேண்டும். புதிய குருத்து விரியும் வரை உரம் இடக் கூடாது. மூன்று, நான்கு வாரத்தில் குருத்து வரும். அதன் பிறகு 19:19:19 கலப்பு உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். வெட்டிய இலைகளை ஆடு மாடுகளுக்குப் போட வேண்டாம். சேனையைப் போல இதிலும் அரிக்கும் ஊசிப் படிகங்கள் உண்டு. கையுறை இல்லாமல் நாள் முழுக்கப் பிரித்து நடுபவர்களுக்கும் கை அரிக்கும்.