நீர்நிலையோரம் நிற்கும் கார்

ஆப்பிரிக்க விலங்குகளைப் பார்க்க வழிகாட்டியும் திறந்த ஜீப்பும் கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவுக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள் வாடகைக் காரைத் தாங்களே ஓட்டுவதுதான் பொருத்தம் என்பேன். காரணம் செலவு அல்ல, நிலத்தின் அமைப்பு. 1907-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இப்பூங்காவில் ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெளிறிய உப்புக்களர் விரிந்து கிடக்கிறது. அதன் தெற்கு விளிம்பில் ஊற்றுகள். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை அரிது. தேங்கிய நீரெல்லாம் வற்றிவிட, யானையும் வரிக்குதிரையும் அந்த ஊற்றுகளுக்கு வந்தே தீர வேண்டும். சாலைகளும் அங்கேதான் போகின்றன. ஆகவே தேடி அலைவதைவிடக் காத்திருப்பதே இங்கே வித்தை. ஒட்டகச்சிவிங்கி முன்கால்களை அகட்டிக் குனிவதற்குள் எத்தனை முறை தயங்கும்! அதுவரை பொறுக்க, சக பயணிகளின் அவசரம் இல்லாத கார் வேண்டும்.

ஆபத்து இல்லையா? வேலியிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது, சூரியன் மறையுமுன் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பவை விதிகள். அவற்றை மதித்தால், சிங்கத்தைவிட, வேகமாகப் போனால் சறுக்கும் சரளைச் சாலைக்கே அதிகம் அஞ்ச வேண்டும். நம் ஊரைப் போல இடப்பக்கம் ஓட்டுவது ஓர் ஆறுதல். புதருக்குள் படுத்திருக்கும் சிறுத்தையை வழிகாட்டியின் பழகிய கண்தான் பிடிக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒக்காகுவேயோ முகாமில் இரவெல்லாம் விளக்கெரியும் நீர்நிலைக்குக் கறுப்புக் காண்டாமிருகம் தானாகவே வருகிறது. பிள்ளைகள் விழித்திருந்தால் போதும்.